குடித்தாள்

பகாவுக்கு அப்பால் ஆறு கட்டை.
இருட்டில் பெரட்டு.
கங்காணி பேர் கூப்பிடுவான்,
நான் அகப்பையால் கொய்னா ஊற்றுவேன்,
ஆளுக்கு ஒரு மடக்கு.
தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்துப்
பேருக்கு நேரே எழுத வேண்டும்:
குடித்தான், குடித்தாள்.
அதற்கு மாசம் ஒரு வெள்ளி கூடுதல்.

காட்டை வெட்டினால் காய்ச்சல் போகும் என்றார்கள்.
வெட்டினோம்.
ஓடையில் முதல்முறை வெயில் விழுந்தது.
கூழாங்கல் தெரியும் தெளிந்த நீரில்
கொசு வந்து குடியேறியது.
அந்த வருஷம் குழி வெட்டவே தனியாக இரண்டு ஆள்.
அவர்களுக்கும் பெரட்டில் பேர்.

பிள்ளைகளுக்குக் கொய்னா இல்லை.
வேலை செய்யாத வாய்க்கு மருந்தெதற்கு என்று
யாரும் சொல்லவில்லை.
புத்தகத்தில் அந்தப் பத்தி இல்லை, அவ்வளவுதான்.

ஒச்சாயி பேர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள்.
கன்னம் லேசாக உப்பியிருக்கும்.
அந்தக் கசப்பை யார் வாயில் வைத்திருப்பார்?
காண்டாக் கம்பைத் தோளில் போட்டு,
மரத்துக்குப் போகாமல்
எட்டாம் லயத்துக்கு ஓடுவாள்.
கதவிடுக்கில் ஒருநாள் பார்த்தேன்.
வயிறு வீங்கிய மகளின் வாயில் வாய்வைத்து,
குருவி மாதிரி.
வந்து எழுதினேன்: குடித்தாள்.
நாற்பத்தொரு நாள் எழுதினேன்.

ஐப்பசியில் அவளுக்குக் குளிர் வந்தது.
மூன்றாம் முறை வந்தது விடவில்லை.

சிரம்பானிலிருந்து டாக்டர் வந்தார்.
புத்தகத்தைப் புரட்டி நெற்றியைச் சுருக்கினார்.
"ஒருநாள் தவறாமல் குடித்தவளா?"
டிரெஸ்ஸர் குஞ்ஞிராமன் என்னைப் பார்த்தார்.
"ஆமாங்க" என்றேன்.
அளவு பத்தவில்லை என்று
அவர் வேறொரு புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒன்றரை மடக்கு.
இப்போது எல்லார் காதிலும் வண்டு.
கங்காணி ஒவ்வொரு பேரையும்
இரண்டு தரம் கத்துகிறான்.

டிரெஸ்ஸர் கண் அகப்பை மேலேயே இருக்கிறது.
கடைசி மடக்கு என்னுடையது.
என் பேருக்கு நேரே எழுதிவிட்டு
வாயைத் திறக்காமல்
எட்டாம் லயத்துக்கு நடக்கிறேன்.
வழியில் யாராவது நலம் கேட்டால் தலையாட்டுகிறேன்.
சிரட்டையில் துப்பிக் கொடுத்தால்
பூவாயி முகம் சுளிக்காமல் குடிக்கிறாள்.
பழகிய ருசி.

ராத்திரிக்கு ஒரு கம்பளி வேண்டும்,
பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறேன்.