இரைச்சல் என்று குறி

புறக்கோட்டை, பகல் பதினொன்றரை.
நூறாம் இலக்க பஸ்ஸின் ஹோர்ன்,
பாணந்துறை பாணந்துறை என்று ஒரு தொண்டை,
தள்ளுவண்டிச் சில்லு, தகரத்தில் மழை.
எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் இட்டேன்: இரைச்சல்.
நடுவில் யாரோ ஒருத்தி
“மிச்சக் காசைத் தாங்கோ” என்றாள்.
அதற்கு மட்டும்: பேச்சு.

இப்படி நாலாயிரம் துண்டுகள்.
இயந்திரம் இரவிரவாகத் தின்றது,
பிழைத்துப் பிழைத்துப் படித்தது.

தையல்காரர் நிஸ்தாரின் காதில்
இன்றைக்கு மாட்டிப் பார்த்தோம்.
நாலு மிஷின் ஓடும் அறையில்
மனைவி தாழ்ந்த குரலில் என்னவோ சொல்ல,
சிரித்தார்.
“என்ன? என்ன?” என்று
திருப்பிக் கேட்கவில்லை.

பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தார்:
“மழ உட்டுட்டா, மகள்?”

யன்னல் கம்பியெல்லாம்
கொட்டிக்கொண்டிருந்தது.