முனகல்

லோரியானில், நீர்மூழ்கிகளுக்காக
யாரோ கட்டிப்போட்டுவிட்டுப் போன
கான்கிரீட் குகைகளுக்குப் பக்கத்தில் எங்கள் பட்டறை.
மூழ்குவதற்கென்று கட்டிய இடத்தில்
பறப்பதற்கு வேலை செய்கிறோம்.
சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது,
சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

என் வேலை சிறியது.
கடலுக்குள் விரிகிற சிறகை
உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது.
நானூறு, எண்ணூறு, இரண்டாயிரம்.
விரல்நுனி மரத்துப்போனால்
கன்னத்தை வைத்துப் பார்ப்பேன்.

கட்டமரான் என்றால் கட்டிய மரமாம்,
எங்கோ தெற்குக் கடற்கரைச் சொல்லாம்,
சாப்பிடும்போது தூதுவால் சொன்னான்.
இதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை.
எல்லாம் கரியிழை.

காற்று பன்னிரண்டு நாட் தாண்டினால்
படகு முதலில் யோசிக்கும்.
பிறகு தண்ணீரின் இரைச்சல் சட்டென்று அறுந்துபோகும்.
இரண்டு உடலும் கடலுக்கு மேலே, இரண்டு முழ உயரத்தில்,
கடனை அடைத்துவிட்டவன் நடை.
அப்போதுதான் அந்த முனகல்.
இடப்பக்கச் சிறகின் பின்விளிம்பிலிருந்து
வாயை மூடிக்கொண்டு யாரோ பாடுவது போல.
க்ருவா தீவில் நண்டுக்கூடை போடுகிறவர்கள்
எங்களைப் பார்ப்பதற்கு முன்பே
கேட்டுவிடுவார்கள்.

பொறியாளர் ஒலிவ்ரோவுக்கு முனகல் என்றால் விரயம்.
"அதிர்வதெல்லாம் வேகத்தைத் தின்கிறது.
பின்விளிம்பைச் சாய்த்துத் தேய். முப்பது டிகிரி.
நாளைக்கு எனக்குச் சத்தம் கேட்கக் கூடாது."

தேய்த்தேன், இரவு இரண்டு மணி வரை.
நகக்கண் அளவு கரித்தூள் விழுந்தது.
அவ்வளவுதான் அந்தக் குரலின் எடை.

மறுநாள் ஊமையாய்ப் பறந்தது.
கால் நாட் கூடுதல். துரத்துபடகில் நின்று
ஒலிவ்ரோ கைதட்டியது தெரிந்தது.
மூன்றாவது ஓட்டம், முப்பத்தொரு நாட்,
சிறகின் முதுகு வழியே காற்று கீழே இறங்கியது.
தண்ணீர் கையை விட்டது.
மூக்குக் குத்தி விழுந்தோம்.
வலைமேல் உருண்டு, கம்பத்தில் மோதி,
கடலின் உப்பும் ரத்தத்தின் உப்பும்
ஒரே வாயில்.

இழுத்து வரும் வழியெல்லாம்
தூதுவால் பேசவில்லை.
துறைமுக விளக்கைத் தாண்டியபின் சொன்னான்:
"நழுவப்போகிற நேரத்தில் அதன் சுருதி இறங்கும்.
அரை விநாடி.
அதைக் கேட்டுத்தான் இத்தனை நாள்
பாயைத் தளர்த்தியிருக்கிறேன்.
எனக்கே இன்றைக்குத்தான் தெரிகிறது."

ஒலிவ்ரோ திரையில் கோடுகளை
முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாள்.
அழுத்தம் இருக்கிறது, சாய்வு இருக்கிறது, உயரம் இருக்கிறது.
படகில் ஒலிவாங்கி பொருத்த
யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

தேய்த்ததை ஒட்ட முடியாது.

இன்றிரவு வலப்பக்கச் சிறகு என் மேசையில் கிடக்கிறது.
இதுவும் முனகும், மெலிதாக.
மற்றதின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.
சுவரில் உத்தரவுத் தாள் அப்படியே:
இரண்டு பக்கமும், முப்பது டிகிரி.
ஒலிவ்ரோ விளக்கை அணைக்காமல் போயிருக்கிறாள்.
வாளியில் உப்புத்தாள்
ஊறிக்கொண்டிருக்கிறது.