மூன்று சுழி

ஹட்டனில், ஸ்டேஷனுக்கு இறங்கும் படிக்கட்டருகே
லூர்துசாமி அண்ணனின் பிரிண்டிங் கடை.
பகலில் அங்கே பூப்புனித நீராட்டு விழா,
தேர்த்திருவிழா, டியூஷன் வகுப்பு, வாழைப்பழ விலை.
இரவில் வீட்டில்
எழுத்துகளுக்கு உடம்பு செய்கிறேன்.

யாரிடமும் சொன்னதில்லை.
கிராம சேவகரின் படிவத்தில்
'தொழில்' என்ற கோட்டின் மேல் பேனை நின்றது, நின்றது,
பின் 'கடை உதவி' என்று எழுதியது.
எதையோ களவெடுத்தவள் போல வெளியே வந்தேன்.

இருநூற்று நாற்பத்தேழில்
ண மட்டும் பிடிகொடுக்கவில்லை.
மலைப்பாதை வளைவுகளில் சுழி கற்றேன் என்று சொல்ல ஆசைதான்.
பொய்.
எப்படிக் கற்றேன் என்பது கோப்புகளின் பெயரில் இருக்கிறது:
ண_கடைசி.
ண_கடைசி_2.
ண_கடைசி_சத்தியமாக.

கொழும்புப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன்.
பதினொரு நாள் கழித்து ஒன்றரை வரி:
"மற்றவை பரவாயில்லை. ண நொண்டுகிறது."
நொண்டலைத் தாங்கிக்கொண்டேன்.
அந்தப் 'பரவாயில்லை'தான்
சாப்பிடும்போதெல்லாம் தொண்டையில் நின்றது.

மூன்று வாரம் லேப்டாப்பைத் திறக்கவில்லை.
என் சுழி அப்படி என்று இருந்துவிட்டேன்.
மிஷினில் பேனர் ஓட ஓட உள்ளே ஒரு குரல் ஓடும்:
மஸ்கெலியா பஸ்ஸில் தொங்கி வருகிறவளுக்கு எதற்கு இது?
வெளிநாட்டில் படித்தவர்கள் பார்க்கிற வேலை.
யார் கேட்டார்கள் உன்னிடம் இன்னொரு ண?
என் குரல்தான்.
என்னைவிட நன்றாகப் பேசும்.

கடை மூடும் நேரம். நனைந்த ஜாக்கெட்டோடு ஒருவன்.
மரண அறிவித்தல், ஐம்பது பிரதி.
பெயர், பஞ்சவர்ணம்.
அடித்து எடுத்துக் கொடுத்தேன்.
தாளை லைட்டுக்கு நேரே பிடித்தான்.

"அக்கா, மூணு சுழி ண போடுங்க."

மூணு சுழிதான் தம்பி.

"தெரியலயே.
செக்ரோல்ல ரெண்டு சுழி. ஐடென்டில ரெண்டு சுழி.
அம்மா அத பாத்து பாத்துச் சிரிக்கும்.
இதுலயாவது சரியா வரணும்."

கடையின் தடித்த எழுத்துகளில்
மசி போய்ச் சுழிகளை அடைத்துக்கொள்ளும்.
கொஞ்சம் தள்ளிப்போனால் மூன்றும் இரண்டும் ஒன்றுதான்.
ஒவ்வொன்றாய் மாற்றி மாற்றி எடுத்தேன்.
அவன் தலையாட்டவில்லை.
லூர்துசாமி அண்ணன் சாவிக்கொத்தைக் குலுக்கினார்.
யோசிக்க நேரமில்லாமல்
கைப்பையின் அடியிலிருந்த பென்டிரைவைச் செருகினேன்.

தாள் வெளியே வந்தது.
ஈரம் காயும்முன் விரல் படாமல் எண்ணினான்.
ஒண்ணு. ரெண்டு. மூணு.
பிறகு காசை எண்ணினான். அப்போதுதான்
கணக்குத் தவறியது அவனுக்கு.

மறுநாள் பஸ் நோர்வூட் சந்தியில் நின்றபோது
மழையில் ஊறிய மதிலில் அவள் பெயர்.
கண்ணாடியைக் கையால் துடைத்தேன்.
சாலைக்கு இந்தப் பக்கமிருந்தும்
மூன்று சுழியும் திறந்தே இருந்தன.
முன்சீட்டுக்காரர் வாய்விட்டுப் படித்தார்.
எங்கும் தடுக்கவில்லை.

அப்புறம் எனக்கும் தெரிந்தது.
நொண்டத்தான் செய்கிறது.
கடைசிக் கால் கோட்டைத் தொடாமல்
ஒரு மயிரிழை மேலே நிற்கிறது,
குளிர்ந்த தரையில் பாதம் வைக்கத் தயங்கினாற்போல.
கொழும்பிலிருந்து சொன்னது சரி.
அந்தப் பையன் தலையாட்டியதும் சரி.

அழுகை வருமென்று காத்திருந்தேன்.
பசிதான் வந்தது.
டிக்கட்டின் பின்புறத்தில் அந்தக் காலைக் கீழே இறக்கினேன்.
வளைவில் பஸ் குலுக்கியதில் அதுவும் கோணிப்போனது.
பக்கத்தில் கொஞ்சம் இடமிருந்தது,
இன்னொன்று வரைந்தேன்.

ராத்திரி சேமிக்கும்போது
'கடைசி' என்று அடிக்கப்போன விரலை எடுத்துக்கொண்டேன்.

ண_42.