படுவான்

குருமண்வெளித் துறை. பாதை இன்னும் அக்கரையில்.
மடியில் கந்தோருக்குப் புதிய முத்திரை:
இனி நாங்கள் ‘மட்டக்களப்பு மேற்கு’.

கூட்டத்தில் கோணேசமூர்த்தியர் கத்தினார்:
“பட்டணத்திர பேர எங்கட வயலுக்கு ஏன் காணும்?”
நானும் கை தட்டினவள்தான்.

மறுகா யோசித்தேன்.
மண்டூரில் எப்போது பொழுது பட்டது?
வெல்லாவெளி தாண்டி, வயல் முடிந்து,
மலைக்குப் பின்னால் எங்கோ அல்லவா விழுகிறது.
படுவான் என்றது
இந்தத் துறையில் நின்று பார்த்த எவரோ.
அதற்கு
கூட்டமும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை.

பாதையில் கால் வைக்க, போன்.
“எங்க கா நிக்காய்?”
“படுவானுக்குப் போறன்.”

சேலையில் மை.
‘மேற்கு’ மட்டும் பதிந்திருந்தது.