அனுஷம், 6563

டெஸ்டரின் கைப்பிடிக்குள்
நெல்மணி அளவில் ஒரு நியான் விளக்கு.
அதைப் பிடுங்கியது நான்தான்.
வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

சாதிக் லேத்தில்
இரண்டு சவர பிளேடுகளைக் கொடுத்து
முனைக்கு முனை ஒட்டித் தரச் சொன்னபோது
"யாரை அறுக்க?" என்றார் பாய்.
வெளிச்சத்தை, என்றேன்.
"இடைவெளி?"
தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
சட்டை முனையில் துடைத்தார், வெகுநேரம்.

பகலெல்லாம் எனக்குத் தோத்தாபுரிக் கூழ்.
போச்சம்பள்ளி சாலையில்
டிராக்டர்கள் கால் கிலோமீட்டருக்கு நிற்கும்.
லோடுக்கு ஒரு சொட்டு.
கருவியில் விட்டு மூடி
சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தால்
நீலம் முடிந்து வெள்ளை தொடங்கும் இடம்தான் இனிப்பு.
பதினான்கு. பதினைந்தரை.
நாக்கில் வைக்காமல் சொல்ல வேண்டும்.
சொன்னால் விலை.
விலை சொன்னால் வசவு.

ராத்திரியும் அதே வேலைதான், மாடியில்.
எட்டு அங்குலக் குழாய்,
அதன் வாலில் நானே கட்டிய பெட்டி:
பாய் கொடுத்த இடுக்கு, ஒரு லென்ஸ்,
மில்லிமீட்டருக்கு முந்நூறு கோடு கீறிய
கண்ணாடித் துண்டு,
கடைசியில் யாரோ விற்ற பழைய கேமரா.
உள்ளே போகையில் புள்ளி.
வெளியே வருகையில் ஊதா முதல் சிவப்பு வரை
இஸ்திரி போட்ட ரிப்பன்.

முதல் மாதம்
எந்த நட்சத்திரத்தைப் பிடித்தாலும் அதே பச்சைக் கோடு.
உலகம் அறியாததைக் கண்டுவிட்டேன் என்று
இரண்டு நாள் தூங்கவில்லை.
மூன்றாம் நாள் முகூர்த்தம் இல்லை.
எதிரே சப்பளம்மா மகால் இருண்டு கிடந்தது.
பச்சைக் கோட்டையும் காணோம்.
டியூப்லைட்டுக்குள் இருக்கும் பாதரசம் அது.

இன்னொரு கறை, சிவப்பை ஒட்டி, மங்கலாய்.
அதுவும் நட்சத்திரத்துடையது அல்ல,
நம் காற்றின் ஈரம்.
அணையில் தண்ணீர் திறந்த வாரம்
அது தடித்திருந்ததாக எனக்குத் தோன்றுகிறது.
நிரூபிக்க முடியாது.
நோட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

என் நட்சத்திரம் அனுஷம்.
தரகர் மாதேசன் எடுத்த நான்கு பிரதியிலும்
அனுஷம், மூன்றாம் பாதம்.
ரஜ்ஜு தட்டுகிறதா, யோனி சேருகிறதா,
எல்லாம் கேட்டார்கள்.
நட்சத்திரம் எப்படி இருக்கிறது என்று
ஒருவரும் கேட்டதில்லை.

வைகாசி. மணி பதினொன்றரை.
தேளின் தலையில் மூன்று; அதில் நடுவில் உள்ளது.
முதலில் டெஸ்டர் விளக்கை எரியவிட்டேன்.
நியானின் கோடுகள், ஆரஞ்சும் சிவப்புமாய்,
வேலிக்கால்போல் ஊன்றி நின்றன.
ஒவ்வொன்றின் எண்ணும் எனக்கு மனப்பாடம்.
அதை அணைத்துவிட்டு நட்சத்திரம்,
நிமிடத்துக்கு ஒன்றாய்ப் பத்து.

மற்றவற்றில் ஹைட்ரஜன் இருக்கும் இடம்
கறுப்பாய் ஒரு வெட்டு.
இதில்
இரண்டு வேலிக்கால்களுக்கு நடுவே
ஆறாயிரத்து ஐந்நூற்று அறுபத்து மூன்றில்
வெட்டு இல்லை.
கொம்பு.

சுழல்கிற வேகத்தில்
தன் இடுப்பிலிருந்தே தன்னை வாரி எறிகிறது,
எறிந்தது போகாமல்
ஒட்டியாணமாய்ச் சுற்றி நின்று ஒளிர்கிறது.
இதையெல்லாம் படித்திருக்கிறேன்.
படித்தது வேறு.
நானூறு வருடத்துக்கும் மேல் வந்துகொண்டே இருந்து
காவேரிப்பட்டணத்தில் ஒரு மாடியில்
சவர பிளேடு இடுக்கில் நுழைகிறது,
என் லேப்டாப்பில்
அக்கம்பக்கத்தைவிட ஒன்றே முக்கால் மடங்கு உயரமாய் நிற்கிறது.
போன வாரம் இரண்டு மடங்கு.
குறைகிறதா, நான் ஃபோகஸைக் கெடுத்தேனா?
நாளைக்கும் எடுக்க வேண்டும்.
மேகம் வேறு ராயக்கோட்டைப் பக்கம் மின்னுகிறது.

கீழே ஓர் அறையில் ஃபேன் நின்றுவிட்டது.
தம்பி செல்போன் வெளிச்சத்தில்
ப்ளக்கில் டெஸ்டரைச் செருகிப் பார்த்து
"இங்கயும் கரண்ட் வரலக்கா, ஒயர் செத்துப்போச்சு" என்று
வெறுங்கையை நீட்டுகிறான்.

தொடாதே கெம்பராஜு!
விளக்குதான் இல்லை.