கிளிப்

மூன்று மறை. தலையில் நட்சத்திரக் குழி.
அதற்கான திருப்புளி
செல்போன் கடை யாக்கூப்பிடம்தான் இருக்கிறது.
"காலைல கடை திறக்கையில வேணும்" என்று கொடுத்தான்.
கழற்றி உள்ளங்கையில் வைத்தால்
கிளிப்புக்கு ஒரு மீன் செதிலின் கனம்கூட இல்லை.

கறுப்புப் பூச்சு பாதி போயிருந்தது.
புதுவயல் மில்லில் ஆறு மாதமாக
என் கால்சட்டைப் பையில் ஏறி இறங்கிய கத்தி.
குத்தூசி மேல்நெல்லைத்தான் காட்டும்,
நான் அடிச்சாக்கின் தையலை அறுத்துப் பார்ப்பவன்.
ஒரு பிடி எடுத்து, கசக்கி, ஊதி,
ஈரம் பதினேழு என்று எழுதி
கத்தியை மடக்கிச் செருகுவேன்.
உமித்தூசி எதையும் சும்மா விடாது.
இரும்பைத் தின்னும். இமையைத் தின்னும்.

கத்தி என்னுடையது இல்லை.
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

லால்குடி லாரி சூசைமாணிக்கம்
எடைமேடைக் கட்டையில் மறந்துவிட்டுப் போனது.
அடுத்த லோடில் கேட்டான்,
"சின்னக் கத்தி ஒண்ணு கிடந்துச்சா சார்?"
இல்லை என்றேன்.
ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை,
வாய் முந்திக்கொண்டது,
அப்புறம் அதுவே கணக்காகிவிட்டது.

கிளிப்பின் வளைவில் ஆணியால் கீறிய சிலுவை,
ஒரு எள் நீளம்.

நானூறாம் நம்பர் உப்புத்தாள். பிறகு எண்ணூறு.
பிறகு பாய்லரடியில் அள்ளி வந்த உமிக்கரி.
தேய்த்துக் கெடுத்த உமியே
துலக்கவும் வந்து உட்கார்ந்தது.
கறுப்பு முழுக்கப் போய் வெள்ளி தெரிந்தது.
வெள்ளியில் சிலுவை இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

இன்னும் தேய்த்தால் கிளிப் மெலிந்து முறியும்.

அடுப்பில் இடுக்கியால் பிடித்துக் காட்டினேன்.
முதலில் வைக்கோல் நிறம்,
சட்டென்று கத்திரிப்பூ,
கண் சிமிட்டுவதற்குள் நீலம்.
"தோசைக்கல்லு போடணும், தள்ளுங்க" என்றாள் இந்திராணி.
நல்லெண்ணெயில் விட்டேன். சீறியது.
எண்ணெய் கீறலுக்குள் இறங்கிக்
கோட்டுக்கு மை தீட்டியது போலாயிற்று.

மூன்று மறையில் ஒன்று சமையலறையில் உருண்டு போனது.
இரண்டோடு மாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை லால்குடி லோடு.
அடிச்சாக்கை அறுக்கக் கத்தியை எடுத்தபோது
பக்கத்தில்தான் நின்றான்.
குனிந்து பார்த்தான். வெகுநேரம் இல்லை.
"நல்ல நீலம் சார்.
எங்கிட்ட இருந்தது கறுப்பு."

சொல்லிவிட்டு
எடைச்சீட்டில் கையெழுத்துப் போட்டான்,
நான் எழுதியிருந்த ஈரத்தை
ஒரு வார்த்தை கேட்காமல்.

அவன் சாக்கை முதல்முறையாக
நான் திரும்பவும் தைத்துக் கொடுத்தேன்.
கத்தி எடைமேடைக் கட்டையில் கிடந்தது.
லாரி கிளம்பிய பிறகும் கிடந்தது.