வலப்பக்கம்

கூரியர்காரன் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான்.
கோர் ஊரில் அன்று மூன்றாம் நாளாக மழை.
நான்கு இடத்தில் கையெழுத்துக் கேட்டான்.
மூன்றில் போட்டேன்.
நான்காவதில் அச்சடித்திருந்தது: வாரிசின் பெயர்.

தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகும் என்று
படிவத்தை அச்சிட்டவர்களுக்கும் தெரியும்.
மகனுக்குத் தாய் வாரிசு என்றால்
ஆறு எங்கோ மலையேறிவிட்டது.
எழுதினேன்: மோராக் டால்கிளிஷ்.
கூரியர்காரன் ஜன்னலுக்கு வெளியே
ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான், பாவம்.

எங்கள் வீட்டுப் பதக்கங்கள் இருப்பது
ஒரு புகையிலை டப்பாவில்.
முதல் உலகப் போரிலிருந்து ஆர்ச்சி கொண்டுவந்தது.
மூன்று பதக்கம், ஒரு தொப்பி முத்திரை,
எவர் சட்டையிலிருந்தோ அறுந்த பித்தளைப் பொத்தான்.
எந்தப் படையுடையது, நம் பக்கமா எதிர்ப்பக்கமா,
ஒருவருக்கும் தெரியாது.
ஆனாலும் அதையும் சேர்த்தே கைமாற்றுவோம்.
மூடியின் உட்புறம் ஆணியால் கீறிய பெயர்கள்:
ஆர்ச்சி.
அவர் மகன் ராபர்ட்.
ராபர்ட்டின் மகள், நான்.
பிறகு டூகல்.

அது அவன் முறை வந்து கீறியதல்ல.
பத்து வயதில்,
நான் ஆடுகளுக்கு மருந்து புகட்டப் போயிருந்த நேரம்,
திருட்டுத்தனமாகக் கீறியது.
இடம் போதாமல்
கடைசி எழுத்து விளிம்பில் ஏறி நிற்கிறது.
அதே வாரம் ஒரு பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு
டர்னிப் வயலில் போர் நடத்தித் தொலைத்தான்.
இரண்டு குளிர்காலம் கழித்து உழும்போது கிடைத்தது,
விளிம்பு நசுங்கி, அரசரின் மூக்குப் போய்.
"இப்பதாம்மா இது நெஜமா சண்டைக்குப் போன மாதிரி இருக்கு."
சிரிப்பு வந்தது. வந்தும் அடித்தேன்.

ஏப்ரல் இருபத்தைந்து, விடிவதற்கு முன்.
போருக்குப் போனவர் இடப்பக்கம் குத்துவார்,
அவருக்காக அணிபவர் வலப்பக்கம்.
கசாப்புக்கடைப் பையனுக்குக்கூட இது தெரியும்.
முப்பது வருடம் ஆர்ச்சியை
வலப்பக்கம்தான் சுமந்திருக்கிறேன்.
அன்று விளக்குப் போடாமல் கோட்டை மாட்டினேன்.
டூகலின் இரண்டும் இடப்பக்கம் போய் உட்கார்ந்தன.
இருட்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

நினைவுத்தூண் அருகே சங்கச் செயலாளர் பட்டுல்லோ
பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினார்.
"மோராக், வலப்பக்கம்."
அடுப்பில் பால் பொங்குகிறது என்று
சொல்வதுபோலச் சொன்னார்.
கழற்றப் பார்த்தேன். உறைபனியில்
விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை.
அவர் தன் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
ஊசியை விடுவித்தார்.
"எத்தனை நாள் இருந்தான், பாமியானில்?"
"நூற்றுப் பதினொரு நாள்."
அதற்குள் எக்காளம் தொடங்கிவிட்டது.
ஊசியைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு
அது முடியும்வரை என்னருகே நின்றார்.

இப்போது வலப்பக்கம் ஐந்து.
நடக்கும்போது ஆர்ச்சியும் டூகலும் இடித்துக்கொள்கிறார்கள்.
நடுவில் நூறு வருடம்,
அளந்தால் ஒரு நாடாவின் அகலம்.
கோட்டு ஒருபக்கமாக இழுக்கிறது.
உள்ளே துணி வைத்துத் தைக்கட்டுமா என்றாள் தையல்காரி.
இழுக்கட்டும் என்றேன்.

அன்றிரவு டப்பாவைத் திறந்து
மூடியை விளக்குக்குக் கீழே பிடித்தேன்.
டூகலுக்குப் பிறகு இடமில்லை.
அவசரக்காரன், எல்லாவற்றையும் நிரப்பிவிட்டான்.
ஆணி எடுத்து ஒரு அம்புக்குறி மட்டும் கீறினேன்,
அவன் பெயரிலிருந்து என் பெயருக்கு,
மேல்நோக்கி.

ஐந்தையும் உள்ளே வைத்தால் மூடி மூடவில்லை.
பொத்தானை வெளியே எடுத்தாலும் மூடவில்லை.
திரும்ப அதை உள்ளே போட்டு,
ப்ராக்கோலியைக் கட்டி வந்த ரப்பர் வளையத்தை
இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறேன்.